மக்னீற்றோவுக்கு எத்தனை புள்ளி?

சிட்னியில் இருப்பவர்களுக்கு இப்போது விடிந்திருக்கும். லண்டனில் இருப்பவர்கள் நித்திரையை ஒத்திவைத்துவிட்டு வந்திருப்பீர்கள். போன மாதம் இதே நேரலையில் சங்கப் பாடல்களைப் பற்றி ஒருவர் அழகாகப் பேசினார். இந்த மாதம் நீலத்தோல் பெண்ணும், கைமுட்டியிலிருந்து கத்தி முளைக்கிற மனிதனும். எங்கள் ஒருங்கிணைப்பாளர்களின் துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

என்னிடம் கேட்டது இதுதான்: நீங்கள் சின்ன வயதிலிருந்தே கொமிக்ஸ் பைத்தியம், எக்ஸ்-மென் படங்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு முதல் 2020 வரை ஃபொக்ஸ் நிறுவனத்தின் வரிசையில் மொத்தம் பதின்மூன்று படங்கள். 2024இல் வந்த ‘டெட்பூல் அன்ட் வூல்வரின்’ இந்தக் கணக்கில் இல்லை. அதற்குள் ஃபொக்ஸை டிஸ்னி வாங்கிவிட்டது. அது வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளை.

சண்டைக்கோ கணினி வரைகலைக்கோ நான் புள்ளி போடப்போவதில்லை. என்னிடம் ஒரேயொரு அளவுகோல்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

எக்ஸ்-மென் 1963இல் தொடங்கியது. ஸ்ரான் லீ எழுத, ஜாக் கேர்பி வரைந்தார். பிறக்கும்போதே உடம்பில் ஏதோ ஒரு மாற்றத்தோடு பிறந்து, பதின்ம வயதில் அது வெளியே தெரியவந்து, ஊராரால் வெறுக்கப்படுகிற பிள்ளைகள். இவர்களை மியூட்டன்ட் என்கிறார்கள். சேவியர் என்கிற பேராசிரியர் இவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். மனிதர்களோடு சேர்ந்து வாழலாம், பேசிப் புரியவைக்கலாம் என்பது அவருடைய கட்சி. மக்னீற்றோ எதிர்க்கட்சி. அவர்கள் எங்களை விடமாட்டார்கள், நாங்கள்தான் முந்தவேண்டும் என்பார். உண்மையைச் சொன்னால் இந்தக் கதை முதலில் பெரிதாக ஓடவில்லை. 1970இல் புதுக்கதையை நிறுத்திவிட்டுப் பழையதையே மறுபடி அச்சடித்தார்கள். 1975இல் லென் வைனும் டேவ் கொக்ரமும் கென்யா, ஜேர்மனி, ரஷ்யா, கனடா என்று நாலாபுறமும் ஆட்களைப் பிடித்துவந்து புதுக் குழு அமைத்தார்கள். அதற்குப் பிறகு கிறிஸ் கிளேர்மொன்ற் பதினாறு வருடங்கள் தொடர்ந்து எழுதினார். ஒரே ஆள், பதினாறு வருடம். நாங்கள் எக்ஸ்-மென் என்று சொல்வது பெரும்பாலும் அவரைத்தான்.

நான் 1988இல் கனடாவுக்கு வந்தேன், பதின்மூன்று வயது. ஊரில் சிவகாசியிலிருந்து வருகிற முத்து கொமிக்ஸ் வாசித்தவன். இரும்புக்கை மாயாவிக்கு அடிமை. இங்கே டான்ஃபோர்த் வீதியில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. வாசலில் ஒரு பெட்டி, நாலு கொமிக்ஸ் ஒரு டொலர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்தது எக்ஸ்-மென் 150ஆவது இதழ், 1981இல் வந்தது.

அந்த இதழில் மக்னீற்றோ உலகத்தை மிரட்டுகிறார். வழக்கமான வில்லன் வேலை. சண்டையில் கிற்றி பிறைட் என்கிற சின்னப் பெண்ணைத் தாக்கிவிடுகிறார். அவள் விழுந்து கிடக்கிறாள். அவள் செத்துவிட்டாள் என்று நினைக்கிறார். அவளுக்கு அப்போது என் வயது. அந்த இடத்தில் மக்னீற்றோ உடைந்துபோகிறார். தன்னுடைய சின்ன வயதைப் பற்றி, தன் குடும்பத்தைக் கொண்டுபோன இடத்தைப் பற்றிச் சொல்கிறார். ‘அவுஷ்விற்ஸ்’ என்ற சொல் வருகிறது. என்னிடம் இருந்த குட்டி அகராதியில் அந்தச் சொல் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஊரில் வரலாறு படிப்பித்தவர். இங்கே இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து அரை மணித்தியாலம் அவுஷ்விற்ஸைப் பற்றிச் சொன்னார். பிறகு புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதையா படம் போட்டு விக்கிறாங்கள்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கிளேர்மொன்ற் செய்த பெரிய வேலை இதுதான். 1963இன் மக்னீற்றோ சும்மா கெட்டவன். 1981இன் மக்னீற்றோவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கிறது. அதற்குப் பிறகு சேவியர் ஒவ்வொரு முறை சமாதானம் பேசும்போதும் வாசகனுக்கு ஒரு சங்கடம் வரும். என் அளவுகோல் அந்தச் சங்கடம்தான். எந்தப் படம் அதை நேர்மையாக வைத்திருக்கிறதோ அதற்குப் புள்ளி. ஒருவரை முட்டாளாகவோ மற்றவரைப் பேயாகவோ காட்டித் தப்பித்துக்கொண்டால் வெட்டு.

முதலாவது படம், 2000, இயக்கம் பிரையன் சிங்கர். தொடக்கமே 1944, போலந்து, மழை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிற ஒரு சிறுவன் கையை நீட்டுகிறான். இரும்புக் கதவு வளைகிறது. அந்தக் காலத்தில் சூப்பர் ஹீரோ படம் இப்படித் தொடங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1997இன் பற்மன் படத்துக்குப் பிறகு இந்த வகைப் படங்களே பகிடியாகிப் போயிருந்தன. ரொறன்ரோக்காரர்களுக்கு இந்தப் படத்தில் இன்னொரு சந்தோசமும் உண்டு. சேவியரின் மாளிகைக்கு உள்ளே காட்டுவது எங்கள் காசா லோமா. வெளியே காட்டுவது ஒஷாவாவில் இருக்கிற பார்க்வூட். சுதந்திரதேவி சிலை நிற்கிற தீவாக நடித்தது பேர்லிங்டன் நகரத்துப் பூங்கா. வூல்வரினும் கதைப்படி கனடாக்காரன்தான், அல்பேர்ட்டா மாகாணத்தில் கூண்டுச் சண்டை போட்டுப் பிழைக்கிறான். நடித்த ஹியூ ஜாக்மன் மட்டும் அவுஸ்திரேலியர். சிட்னி நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது.

இந்தப் படத்தின் இதயம் கடைசியில் இருக்கிறது. மக்னீற்றோ ஒரு இயந்திரம் செய்திருக்கிறார். அதை இயக்குபவருக்கு உயிர் மிஞ்சாது. தான் அதில் ஏறாமல், றோக் என்கிற பதின்ம வயதுப் பெண்ணைக் கட்டி ஏற்றுகிறார். தன்னுடைய தியாகம்போலவே பேசுகிறார். வூல்வரின் கட்டுண்டு கிடந்தபடி, நீ சொல்வது அவ்வளவு உயர்ந்ததென்றால் அங்கே நீயல்லவா ஏறியிருக்கவேண்டும் என்கிற பொருளில் ஒரு வசனம் சொல்வான். தியேட்டரில் எனக்கு அருகில் இருந்தவர்கள் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது.

ஏனென்று சொல்லவேண்டும். என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், பதினாறு வயதில் இயக்கத்துக்குப் போனான். எனக்கு முத்து கொமிக்ஸ் அறிமுகப்படுத்தியவன் அவன்தான். நாங்கள் இங்கே வந்து இரண்டாம் வருடம் அவன் இல்லை என்று கடிதம் வந்தது. அப்பாவுக்கும் அவனுக்கும் கடைசியாக நடந்த வாக்குவாதம் எனக்கு நினைவில் இருக்கிறது. அப்பா சேவியர் கட்சி. அவன் மற்றக் கட்சி. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மனதுக்குள் அவன்தான் வென்றான். அதனால்தான் அந்தக் காலத்தில் மக்னீற்றோவை வில்லன் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2000இல் அந்த வசனம் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்து போட்டது. காரணம் சரியா பிழையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இயந்திரத்தில் யாரை ஏற்றினார்கள்?

படத்தில் குறைகள் உண்டு. ஸ்ரோமுக்கு, அதாவது கென்யாவிலிருந்து வந்த அந்தக் கம்பீரமான பெண்ணுக்கு, தவளையைப் பற்றி ஒரு வசனம் கொடுத்து ஹாலி பெரியை அவமானப்படுத்தியிருக்கிறார்கள். பத்துக்கு ஏழரை.

இரண்டாவது படம், 2003. 1982இல் கிளேர்மொன்றும் பிரென்ற் அன்டர்சனும் செய்த ஒரு கிராபிக் நாவல்தான் அடிப்படை. அதில் ஸ்ரைக்கர் ஒரு மதபோதகர். படத்தில் இராணுவ அதிகாரியாக மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற எல்லாம் பிடிக்கும். பொபி என்கிற பையன் தான் மியூட்டன்ட் என்று வீட்டில் சொல்கிற காட்சி இருக்கிறதே, வரவேற்பறை, தேநீர், தாய் மெதுவாகக் கேட்கிறாள், அப்படி இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா என்று. ஓரினச் சேர்க்கையாளரான பிள்ளை பெற்றோரிடம் சொல்கிற காட்சியாகத்தான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மக்னீற்றோவாக நடித்த இயன் மெக்கெலனும் தன் அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்னவர். எங்கள் வீடுகளின் வரவேற்பறைகளிலும் இந்தக் காட்சி நடந்திருக்கிறது. தேநீர் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

கடைசியில் மக்னீற்றோ ஒரு காரியம் செய்கிறார். மியூட்டன்ட்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் கொல்ல ஸ்ரைக்கர் ஏற்பாடு செய்திருந்த அதே பொறியை, நிறுத்தாமல், மனிதர்களின் பக்கம் திருப்பிவிடுகிறார். ஒரு ஓட்டைத் திருப்புகிறார், அவ்வளவுதான். தனக்குச் செய்ய வந்ததை அப்படியே திருப்பிச் செய்கிறார். நீளமான வசனம் எதுவும் இல்லை. ஒன்பது புள்ளி.

மூன்றாவதை வேகமாகக் கடக்கிறேன். 2006, பிரெற் ராற்னர். கோல்டன் கேற் பாலத்தைப் பிடுங்கி நகர்த்தும்போது பகல், வைக்கும்போது இருட்டு. சைக்ளொப்ஸைத் தொடக்கத்திலேயே கொன்று தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் அதில் நல்ல கரு இருந்தது: மியூட்டன்ட்டாக இருப்பதற்கு ஒரு மருந்து வந்தால் நீங்கள் போட்டுக்கொள்வீர்களா? ஒரு காட்சிக்காக மட்டும் நாலு புள்ளி கொடுக்கிறேன். மக்னீற்றோவுக்கு வருகிற மருந்து ஊசியின் குறுக்கே மிஸ்ரிக் பாய்கிறாள். சக்தி போய்விடுகிறது, நீலத்தோல் போய்விடுகிறது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, நீ இப்போது எங்களில் ஒருத்தி இல்லை என்று அவளை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் போகிறார். படத்தை எடுத்தவர்களுக்கே அந்தக் காட்சியின் பாரம் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

2009இன் வூல்வரின் தோற்றக்கதைக்கு இரண்டு. தொடக்கத்தில் ‘1845, வடமேற்குப் பிரதேசங்கள், கனடா’ என்று எழுத்து வரும். 1845இல் அப்படியொரு பிரதேசமும் இல்லை, இன்றைய கனடாவும் இல்லை. 1867 என்பது இங்கே குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்த எந்தத் தமிழ் அம்மாவுக்கும் தெரியும்.

இனி 2011. ‘ஃபேர்ஸ்ற் கிளாஸ்’, இயக்கம் மத்தியூ வோன். கதை நடப்பது 1962இல், கியூபா ஏவுகணை நெருக்கடி நேரத்தில். சேவியரும் மக்னீற்றோவும் இளைஞர்கள், நண்பர்கள். மைக்கல் ஃபாஸ்பெண்டர் ஆர்ஜென்ரீனாவில் ஒளிந்திருக்கிற நாசிகளைத் தேடிப்போகிற அந்த மதுக்கடைக் காட்சி தனியாக ஒரு படம் எடுக்கலாம் போலிருக்கும். குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருந்த ஒரே கறுப்பினப் பையனை முதல் ஆளாகக் கொன்றுவிடுகிறார்கள். சிறுபான்மையினரைப் பற்றிய கதை என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்கிறார்கள்.

ஆனால் கடற்கரைக் காட்சி. அமெரிக்கக் கப்பல்களும் ரஷ்யக் கப்பல்களும் சேர்ந்து இந்தப் பிள்ளைகள் மேல் ஏவுகணை ஏவுகின்றன. மக்னீற்றோ கையை உயர்த்தி அவற்றை வானத்தில் நிறுத்தி, கப்பல்களை நோக்கியே திருப்புகிறார். சேவியர் பதறிப்போய்க் கெஞ்சுகிறார்: அந்தக் கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், நல்லவர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர்கள் மட்டும்தான். அந்த வார்த்தையை, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் என்பதை, முகாமிலிருந்து தப்பிய ஒருவனிடம் சொல்கிறார். மக்னீற்றோ முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. அப்படிக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களின் கையில் நான் இருந்திருக்கிறேன், இனி ஒருபோதும் இல்லை என்கிறார்.

சேவியர் கெட்டவர் என்று இதற்குப் பொருளில்லை. மாளிகையில் வளர்ந்தவர். அவருக்குத் தெரியாது. தங்கச்சி மாதிரி வளர்ந்த மிஸ்ரிக்கிடம் நீலத்தோலை மறைத்துக்கொள் என்று அன்பாகச் சொல்கிறவர். நல்ல மனிதர் ஒருவர், நல்ல நோக்கத்தோடு, சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லக்கூடாத சொல்லைச் சொல்கிறார். அதோடு நட்பு முடிந்தது. கப்பலில் இருந்தவர்கள் நல்லவர்களாகவும் இருந்திருக்கலாம். அதுவும் உண்மைதான். இதுதான் நான் கேட்ட சங்கடம்.

இந்தப் படத்தை 2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீட்டில் இருந்து பார்த்தேன். அப்பாவுக்கு அப்போது நடமாட்டம் குறைவு, தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பார்ப்பார். கடற்கரைக் காட்சி முடிந்தது. மக்னீற்றோ தன்னோடு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார், சேவியர் மணலில் முதுகு உடைந்து கிடக்கிறார். அப்பா கேட்டார், “அந்தப் பெடியன் பிறகு என்னவானவன்?” மற்றப் படங்களின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எங்கள் அண்ணனின் பெயரைச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அப்பா வாயால் அந்தப் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான். “அண்டைக்கு நான் அவனோட கொஞ்சம் வேற மாதிரிக் கதைச்சிருக்கலாம்” என்றார். கதைத்திருந்தால் அவன் நின்றிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. நாங்கள் படத்தைத் திரும்ப ஓடவிடவில்லை.

எட்டரை போடுகிறேன். இதில் எவ்வளவு படத்துக்கு, எவ்வளவு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விமர்சகர்கள் மன்னிக்கவேண்டும்.

2014இன் ‘டேய்ஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ற்’ எட்டு. 1981இல் கிளேர்மொன்றும் ஜோன் பேர்னும் இரண்டே இதழ்களில் முடித்த கதை. அதில் கடந்த காலத்துக்குப் போவது கிற்றி பிறைட். படத்தில் அந்த வேலையை வூல்வரினுக்குக் கொடுத்துவிட்டார்கள், நட்சத்திரம் அவர்தானே. என் கிற்றிக்குச் செய்த துரோகத்துக்கு ஒரு புள்ளி வெட்டினேன். மற்றபடி, ஒரு கொலை நடந்தால் அதைச் சாட்டாக வைத்து ஐம்பது வருடம் ஒரு இனத்தையே வேட்டையாடலாம், அந்தத் துப்பாக்கியை இழுக்காமல் இருப்பவள்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறாள் என்று ஒரு பொழுதுபோக்குப் படம் சொல்வது சின்ன விசயமில்லை.

‘அபொகலிப்ஸ்’, 2016. இதில் மக்னீற்றோவைக் கொண்டுபோய் அவுஷ்விற்ஸை இடிக்கவைக்கிறார்கள். கட்டடங்கள் தூளாகிப் பறக்கின்றன, இசை முழங்குகிறது. எனக்குச் சரியான கோபம் வந்தது. அந்த இடம் 1947 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது நிற்கவேண்டும், அதுதான் சாட்சி. நினைவுத்தூபி ஒரே இரவில் இடிக்கப்படுகிற செய்தியைக் காலையில் எழும்பிப் பார்த்தவர்கள் நாங்கள். சாட்சியை இடிப்பது பாதிக்கப்பட்டவனின் வேலை இல்லை என்று அந்த எழுத்தாளர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். மூன்று.

‘டார்க் ஃபீனிக்ஸ்’, 2019, அதுவும் மூன்று. ஜீன் கிரே ஃபீனிக்ஸாக மாறியதிலிருந்து 1980இல் அவள் சாகும்வரை கொமிக்ஸில் நாலு வருடம் எடுத்தார்கள். நாங்கள் அவளோடு வாழ்ந்தோம், அதனால் அழுதோம். படத்தில் அறிமுகமாகி மறுபடத்திலேயே அழு என்றால் எப்படி? இதே கதையை 2006இலும் ஒருமுறை கெடுத்தார்கள். இரண்டிலும் திரைக்கதையில் இருந்தவர் சைமன் கின்பேர்க். டெட்பூல் முதலாவதுக்கு ஏழு, இரண்டாவதுக்கு ஆறு. சிரித்தேன், அவ்வளவுதான். 2013இன் ஜப்பான் படம் ஆறு. கடைசி அரை மணித்தியாலத்தில் இரும்புப் பூதத்தைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எட்டு. ‘நியூ மியூட்டன்ட்ஸ்’ மூன்று.

மிச்சம் ‘லோகன்’. 2017, ஜேம்ஸ் மங்கோல்ட். திரைக்கதைக்கு ஒஸ்கார் பரிந்துரை பெற்ற படம். காலம் 2029. வூல்வரின் கிழவனாகி, கார் ஓட்டிப் பிழைக்கிறான். சேவியருக்குத் தொண்ணூறு வயது, மறதி நோய். உலகத்திலேயே மிகப் பெரிய மூளை, இப்போது குளிசையை நேரத்துக்குப் போடாவிட்டால் சுற்றியிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. அவரை லோகன் கட்டிலில் தூக்கிக் கிடத்துகிற, கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற காட்சிகளைப் பார்த்தபோது, கடைசி மூன்று வருடம் அப்பாவைத் தூக்கிய என் முதுகு வலித்தது.

ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலர் தப்பித்து ஓடுகிறார்கள். எங்கே? கனடாவுக்கு. எல்லை எங்கே என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு எக்ஸ்-மென் கொமிக்ஸில் இருந்த இலக்கங்களை வைத்துத்தான். லோகன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கத்துகிறான், இதெல்லாம் பொய், பாதிகூட நடக்கவில்லை, நடந்ததும் இப்படி இல்லை என்று. வாழ்நாள் முழுவதும் கொமிக்ஸ் வாசித்த ஒருவனை வெள்ளித்திரையில் இப்படி யாரும் திட்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தப் பொய்ப் புத்தகத்தை நம்பித்தான் அங்கே வந்து சேர்கிறார்கள்.

மகளோடு 2018இல் வீட்டில் பார்த்தேன். அவளுக்குப் பதினாலு வயது. ஸ்காபரோவில் பிறந்தவள். காட்டு வழியாகப் பிள்ளைகள் எல்லைக்கு ஓடும்போது கேட்டாள், “அப்பா, கனடாவுக்குள்ள வந்தாப் பிறகு என்ன நடக்கும் எண்டு ஏன் காட்டேல்ல?” அவளுக்கு நான் பஃபலோவிலிருந்து அமைதிப் பாலத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த கதையைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொன்னதில்லை. அப்பாவின் இரவு வேலை, டான்ஃபோர்த் கடைப்பெட்டி, கடிதம் வந்த நாள். அன்றைக்குச் சொல்லத் தொடங்கினேன். படம் நிறுத்தியபடி நின்றது. அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவள் மக்னீற்றோவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அண்ணா எந்தக் கொமிக்ஸ் முதலில் தந்தவர் என்று கேட்டாள். இரும்புக்கை மாயாவி என்றேன். அதில் மாயாவி எப்படி மறைவான் என்று கேட்டாள். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான் என்றேன்.

பிறகு மிச்சத்தைப் பார்த்தோம். கடைசியில் லோகனைப் புதைத்த இடத்தில் பிள்ளைகள் ஒரு சிலுவை நட்டிருப்பார்கள். எல்லோரும் போனபிறகு லோரா திரும்பி வந்து, அதைப் பிடுங்கி, எக்ஸ் எழுத்தாகச் சரித்து வைத்துவிட்டுப் போவாள்.

ஒன்பதரை. அரைப் புள்ளியை ஏன் வெட்டினேன் என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். வில்லனுக்கு வூல்வரின் மாதிரியே ஒரு நகல் ஆளைச் செய்து சண்டைக்கு விட்டார்களே, அதற்கு. சரி, கேள்விகளை எடுப்போம். நோர்வேயிலிருந்து ஒருவர் கனநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.